போதகர்களுக்கு மனநல முதலுதவியா, மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சியா?

மனநலச் சிக்கலில் இருப்பவருக்குத் தொடக்க உதவி செய்யக் கற்றுத்தரும் மனநல முதலுதவி வகுப்புக்கா, நோயாளிகளைச் சந்தித்து மேற்பார்வையில் கற்கும் மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சிக்கா (Clinical Pastoral Education), தங்கள் போதகரை எதற்கு அனுப்புவது எனப் பல சபைக் குழுக்கள் தயங்குகின்றன.

தோற்றம்: மனநல முதலுதவி 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பொதுமக்களுக்காக உருவானது. மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சியை 1925இல் அமெரிக்காவின் வொர்ஸ்டர் அரசு மருத்துவமனையில் தொடங்கியவர் ஆன்டன் பாய்சென்; அவரே மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த போதகர் என்பது கவனத்திற்குரியது.

காலமும் செலவும்: முன்னது ஆஸ்திரேலிய முறையில் பொதுவாக 12 மணி நேரம். பின்னதற்கு அமெரிக்க முறையில் ஓர் அலகுக்கே, அதாவது பயிற்சியின் ஒரு கட்டத்துக்கே, 400 மணி நேரம் வேண்டும். அதுவரை ஆராதனையை நடத்த மாற்றுப் போதகரும் வேண்டும்.

கற்பது: முன்னது மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் போன்றவற்றின் அறிகுறிகளை அடையாளம் காணவும், தயங்காமல் நேரடியாகக் கேட்கவும், மருத்துவரிடம் அனுப்பவும் பழக்குகிறது. பின்னதில் போதகர் நோயாளியுடன் நடந்த உரையாடலை நினைவிலிருந்து அப்படியே எழுதி, வழிகாட்டியும் சக பயிற்சியாளர்களும் அதை ஆராய உட்காருகிறார். எங்கே அவசரப்பட்டு ஜெபத்துக்குத் தாவினோம், எங்கே கேளாமலேயே அறிவுரை சொன்னோம் என்பது அங்கேதான் வெளிப்படுகிறது.

நெறி: இரகசியம் காப்பதும், மருந்தை நிறுத்தச் சொல்லாதிருப்பதும் குறுகிய வகுப்பிலேயே சொல்லித்தரத்தக்கவை. ஆனால் தம் அதிகாரம் துயரத்தில் இருப்பவரை எவ்வளவு எளிதில் வளைக்கும் என்பதை உணர, நீண்ட மேற்பார்வை தேவை என்றே கருதுகிறேன்.

கிராமச் சபையைத் தனியாக நடத்துபவருக்கு முதலுதவியும், இந்திய அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணும், அருகிலுள்ள மனநல மருத்துவரின் அறிமுகமும் முதலில் போதும். மருத்துவமனை, சிறை, விடுதி ஆகியவற்றில் ஊழியம் செய்பவருக்கும், பிற போதகர்களைப் பயிற்றுவிக்கவிருப்பவருக்கும் இரண்டாவதே பொருந்தும்.