குர்திஷ் செய்தித் தளங்கள்: எதை எதற்கு நம்பலாம்? நெடுநாள் வாசிப்பின் மதிப்பீடு

குர்திஷ் ஊடகங்களில் நடுநிலையான ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நேரான பதில் கிடையாது. நெடுநாள் படித்துப் பார்த்தால் கேள்வியே மாறிவிடும். இந்தச் சேனல் யார் விஷயத்தில் வாய் திறக்காது? அது பிடிபட்டுவிட்டால், மற்ற எல்லாவற்றுக்கும் அதே சேனலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

ஈராக் குர்திஸ்தானில் யார் கையில் எது என்பது பெரிய ரகசியம் இல்லை. தலைநகர் எர்பிலில் இருந்து வரும் ருதாவ், குர்திஸ்தான் 24 இரண்டும் பர்சானி குடும்பத்தின் குர்திஸ்தான் ஜனநாயகக் கட்சிப் பக்கம். அதிலும் முன்னது நெச்சிர்வான் பர்சானிக்கும், பின்னது மஸ்ரூர் பர்சானிக்கும் நெருக்கமானதாகக் கருதப்படுகிறது. சுலைமானியாவின் குர்த்சாத், தாலபானி குடும்பத்தின் குர்திஸ்தான் தேசபக்த ஒன்றியம் என்ற கட்சியுடையது. என்ஆர்டி சேனலைத் தொடங்கிய ஷாஸ்வார் அப்துல்வாஹித்தே பிறகு புதிய தலைமுறை இயக்கம் என்ற கட்சியையும் தொடங்கினார். அதனால் இரண்டு பெரிய கட்சிகளின் ஊழலையும் என்ஆர்டி விடாமல் துரத்தும். சொந்த முதலாளி விஷயத்தில் அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இதைப் பழகிப் பார்க்கச் சிறந்த நாள் 2017 அக்டோபர் 16. செப்டம்பர் 25 வாக்கெடுப்பில் சுமார் 93 சதவீதம் பேர் தனிநாட்டுக்கு ஆதரவாக வாக்களித்திருந்தார்கள். மூன்றே வாரத்தில், அதுவரை குர்துகள் கையில் இருந்த எண்ணெய் நகரம் கிர்குக் ஈராக் படைகளின் கைக்குப் போனது. எர்பில் சேனல்களில் அது தேசபக்த ஒன்றியத்தில் ஒரு பிரிவினரின் துரோகம். சுலைமானியா சேனல்களில், வாக்கெடுப்பைப் பிடிவாதமாக நடத்தியதால் வந்த வினை. அந்த வாரத்துச் செய்திகளை இரு பக்கமும் எடுத்து வைத்துக்கொண்டு, இருவரும் மறுக்காதவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள்: எந்தச் சோதனைச் சாவடி எத்தனை மணிக்குக் கைமாறியது, எந்தப் படைப்பிரிவு பின்வாங்கியது. அந்தக் கோடுகள்தான் செய்தி. மிச்சம் கட்சி அறிக்கை.

எதிரெதிர் முகாம் இரண்டும் ஒத்துக்கொண்டால் அதை நம்பலாம் என்ற விதி உள்நாட்டு அரசியலில் நன்றாகவே வேலை செய்கிறது. சம்பள விஷயத்தில் அது முழுதாக உதவாது. அரசு ஊழியர் சம்பளம் தள்ளிப்போகும்போது எர்பிலில் உள்ள குர்திஸ்தான் அரசு பாக்தாதின் மத்திய அரசைக் குறை சொல்லும், பாக்தாத் எர்பிலைக் குறை சொல்லும். எண்ணெய் வருமானக் கணக்கைத் தனியாகத் தொகுத்துப் போடும் டிரா மீடியா போன்ற சிறு தளங்கள் இங்கேதான் கைகொடுக்கும். 2023 மார்ச் 25-ல் துருக்கி வழியான எண்ணெய்க் குழாய் நின்றபோது இழப்பு யாருக்கு எவ்வளவு என்று பார்க்க, கட்சிச் சேனல்களைவிட இந்த அட்டவணைகளே உதவின.

போர்ச் செய்திகளில்தான் அதிகம் ஏமாறுவோம். துருக்கிப் பாதுகாப்பு அமைச்சகம் ‘செயலிழக்கச் செய்யப்பட்டனர்’ என்று ஓர் எண் தரும். கொல்லப்பட்டவர், காயப்பட்டவர், சரணடைந்தவர், பிடிபட்டவர் எல்லாரும் அந்த ஒரே எண்ணுக்குள். எதிர்ப்பக்கத்தில், துருக்கி அரசோடு நெடுநாள் போரிட்ட குர்திஷ் ஆயுத அமைப்பு பிகேகே. அதன் சார்பான ஏஎன்எஃப் செய்தி முகமை துருக்கி வீரர்கள் இத்தனை பேர் பலி என்று எழுதி வந்தது. இரண்டையுமே கூட்டிப் பார்க்காதீர்கள். எந்தத் தரப்பும் எதிரியின் சாவை எண்ணுவதைவிடத் தன் சாவைப் பெயரோடு சொல்லும்போதுதான் நம்பத்தக்கது. பிகேகே தரப்பு தன் ஆட்களின் இயக்கப்பெயர், இயற்பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர்வரை வெளியிடும். ஆனால் தாமதமாக. அதன் மூத்த தலைவர்கள் அலி ஹைதர் கைத்தான் 2018-லும் ரிசா அல்துன் 2019-லும் இறந்ததை அந்த அமைப்பு வெளியே சொன்னது 2025 மே மாதம், தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தபோதுதான். ஆகவே ஒரு மாதத்து மௌனத்தை வைத்து இழப்பே இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

முதல் நாள் மறுப்புக்கும் இதே எச்சரிக்கை. 2023 ஏப்ரல் 7 அன்று சுலைமானியா விமான நிலையம் அருகே ட்ரோன் தாக்குதல் நடந்தது. சிரியாவில் குர்துகள் தலைமையிலான சிரிய ஜனநாயகப் படையின் தளபதி மஸ்லூம் அப்தி அங்கே இருந்தார் என்பதை அந்தப் படையின் பேச்சாளர் முதலில் மறுத்தார். பிறகு மஸ்லூமே உறுதிப்படுத்தினார். குறைந்தது 48 மணி நேரம் பொறுத்தால் பாதித் தவறு தானாகக் கழிந்துவிடும்.

சிரியப் பக்கத்தில், ருதாவ் இயங்க அங்கிருந்த குர்திஷ் நிர்வாகம் 2022-ல் தடை போட்டது. செய்தியாளர் அங்கே இல்லாத காலத்துச் செய்தியைத் தொலைபேசிச் செய்தியாக நினைத்துப் படிப்பது நல்லது. அந்த நிர்வாகத்துக்கு நெருக்கமான ஹாவார் முகமை களத்தில் இருந்தது. ஆனால் சிறுவர்களைப் படையில் சேர்த்தது போன்ற விஷயத்துக்கு அதை நம்பிப் பயனில்லை. அதை நிறுத்துவதாக 2019-ல் ஐ.நா.வுடன் மஸ்லூம் ஒப்பந்தம் போட வேண்டிவந்தது என்பதே போதுமான சாட்சி.

ஈரான் குர்திஷ் பகுதிக்கு ஹெங்காவ், குர்திஸ்தான் மனித உரிமை வலையமைப்பு இரண்டும் அவசியம். இரண்டுமே ஐரோப்பாவில் இருந்து இயங்குபவை. பெயர், வயது, ஊர், கைதான தேதி என்று தருவதால் சரிபார்க்க முடிகிறது. இங்கே ஒரு பொறி உண்டு: ஒரே ஆளுக்குப் பாரசீக ஆவணப் பெயர் ஒன்று, வீட்டுக் குர்திஷ் பெயர் ஒன்று. 2022 செப்டம்பர் 16-ல் இறந்த மஹ்சா அமினிதான் ஜினா அமினி. பிரபலமாகாத கைதிகளின் பட்டியலில் இப்படி ஒருவரே இருவராகிவிடுவார். ஊரையும் தேதியையும் வைத்து ஒப்பிட்ட பிறகே எண்ணுங்கள்.

நடைமுறையில் ஒரு செய்தியைச் சோதிக்க இருபது நிமிடம் போதும். ஆங்கிலப் பக்கத்தோடு நிறுத்தாமல் அதே தளத்தின் சொரானி அல்லது குர்மாஞ்சிப் பக்கத்தைத் திறங்கள். இரண்டும் குர்திஷ் மொழியின் முக்கிய வகைகள். கூகுள் மொழிபெயர்ப்பில் குர்மாஞ்சி 2016-லும் சொரானி 2022-லும் வந்துவிட்டன. சொரானி மொழிபெயர்ப்பு ஆள்பெயர்களைச் சாதாரணச் சொல்லாக்கிக் குழப்பும், அதற்குத் தயாராக இருங்கள். வெளிநாட்டாருக்கு எழுதியதில் இல்லாத வசவும் பெயர்களும் உள்ளூர்ப் பக்கத்தில் கிடைக்கும். அடுத்து எதிர்முகாம். அதன்பின் கிர்குக் நவ் போன்ற மூன்றாம் தளம். மூன்றிலும் ஒரே வாக்கியம் அப்படியே வந்தால் மூன்று ஆதாரம் என்று மகிழ வேண்டாம். ஒரே ஃபேஸ்புக் பதிவிலிருந்து மூவரும் எடுத்திருப்பார்கள். மூலப் பதிவைத் தேடி, அதன் நேரத்தைப் பாருங்கள். கடைசியாக, முக்கியம் என்று தோன்றும் பக்கத்தை உடனே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமியுங்கள். கட்சிகளுக்குள் சமரசம் ஏற்பட்ட மறுநாள் தலைப்புகள் ஓசையில்லாமல் மாறுவது இங்கே வழக்கம்.