1700000000 எந்த ஷிப்ட்? எக்செல், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், மைஎஸ்கியூஎல்

பல்லடம், அவிநாசிப் பக்கத்து நூல் மில் ஒன்றில், மெஷின் அனுப்பும் பதிவில் நேரம் 1700000000 என்று வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து எண்ணிய நொடிகள் அவை. யுடிசிப்படி அது 2023 நவம்பர் 14 இரவு 10:13:20; நமக்கோ 15-ஆம் தேதி அதிகாலை 3:43:20. நைட் ஷிப்ட் உற்பத்தி எந்தத் தேதியில் ஏறும் என்பது நேர மண்டலத்தைப் பொறுத்தது. இந்த எண்ணைத் தேதியாக மாற்ற எக்செல், ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான், மைஎஸ்கியூஎல் என்ற நான்கையும் ஒப்பிடுகிறேன். அதில் எது சுருக்கம் என்பதைவிட, எது மண்டலத்தைச் சொல்ல வைக்கிறது என்றுதான் பார்ப்பேன்.

கணக்கு எழுதுபவருக்கு எக்செல் போதும். எண்ணோடு 19800 (ஐந்தரை மணி நேரத்தின் நொடிகள்) கூட்டி, 86400-ஆல் (ஒரு நாளின் நொடிகள்) வகுத்து, 25569 (எக்செலில் 1970 ஜனவரி 1-இன் நாள் எண்) சேர்த்து, கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் முடிந்தது. இந்தியாவில் இப்போது கோடை நேர மாற்றம் இல்லாததால் 19800 நிலையாக நிற்கிறது. சரக்கு வாங்கும் நியூயார்க் பையருக்கு இப்படி ஒரே எண்ணைக் கூட்டினால் வருடத்தில் சில மாதங்கள் ஒரு மணி நேரம் பிசகும்.

ஜாவாஸ்கிரிப்ட் மில்லிநொடி கேட்கும். ஆயிரத்தால் பெருக்காமல் கொடுத்தால் 1970 ஜனவரி 20 என்று காட்டும். கண்ணில் அடிக்கிற பிழை என்பதால் இது பரவாயில்லை. மண்டலம் சொல்லாவிட்டால் பார்ப்பவர் கணினியின் நேரத்தைக் காட்டும். ஷிப்மென்ட் நிலவரத்துக்குச் சரி, சம்பளக் கணக்குக்கு ஆகாது.

பைத்தானில்தான் ஏமாற்றம் அதிகம். நொடியைத் தேதியாக்கும் ஃப்ரம்டைம்ஸ்டாம்ப் கட்டளைக்கு எண்ணை மட்டும் கொடுத்தால் அது ஓடும் கணினியின் மண்டலத்தை எடுத்துக்கொள்ளும். கோயம்புத்தூர் ஆபீஸ் கணினியில் சரியாக வரும். யுடிசியில் ஓடும் கிளவுட் சர்வருக்கு ஏற்றியதும் சத்தமில்லாமல் ஐந்தரை மணி நேரம் பின்னால் போகும். யுடிசிஃப்ரம்டைம்ஸ்டாம்ப் இன்னும் மோசம்: யுடிசி நேரத்தைத் தரும், ஆனால் மண்டலக் குறிப்பை ஒட்டாது. 3.12 பதிப்பிலிருந்து அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். 3.9-இல் வந்த, நேர மண்டலங்களுக்கான ஸோன்இன்ஃபோவில் 'ஆசியா/கொல்கத்தா' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தால் எங்கே ஓடினாலும் ஒரே விடை. விண்டோஸில் மண்டல விவரங்கள் அடங்கிய டிஇசட்டேட்டா தொகுப்பும் வேண்டியிருக்கும், அவ்வளவுதான். அறிக்கைக்கு என் ஓட்டு இதற்கே.

நாள்வாரியாக லட்சக்கணக்கான வரிகளைக் கூட்ட மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளம் நல்லது. முதலில் இணைப்பின் மண்டலத்தை +05:30 ஆக்கிவிடுங்கள். அப்புறம், அதன் டைம்ஸ்டாம்ப் வகை நெடுவரிசை இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8:44:07-ஐத் தாண்டாது. புது டேபிள் போடுபவர்கள் நொடிகளைப் பிக்இன்ட் என்ற பெரிய முழு எண் வகையாகவே வைத்துக்கொள்ளலாம்.