பக்கவாதத்துக்குப் பின் விழுங்கும் சிகிச்சை: ஓராண்டுக்கும் மேலான அனுபவம்

பக்கவாதத்தால் விழுங்கும் திறன் பாதிக்கப்பட்ட என் தந்தையாருக்கு, பேச்சு மொழி சிகிச்சையாளரின் வழிகாட்டுதலில் ஓராண்டுக்கும் மேலாகப் பயிற்சி நடந்துவருகிறது. மூக்குவழிக் குழாயில் உணவு பெற்றுவந்தவர், இப்போது மென்மையாகச் சமைத்தவற்றை வாயாலேயே உண்கிறார். பக்கவாதத்துக்குப் பிந்தைய முதல் வாரங்களில் பலருக்கும் விழுங்குதல் தானாகவே ஓரளவு மீளும் என்பதால், முன்னேற்றம் முழுவதும் சிகிச்சையால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால், அந்த மீட்சி தேங்கி நின்ற பிறகும் அவர் தேறியதற்குப் பயிற்சியே காரணம் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

திருப்பம் தந்தது பரிசோதனைதான். எக்ஸ்-ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருளைக் கலந்த உணவையும் நீரையும் விழுங்கும்போதே எக்ஸ்-ரே காணொளி எடுத்தார்கள். நீரின் ஒரு பகுதி மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது திரையில் தெரிந்தது. அவருக்கோ புரையேறவில்லை, ஒரு சிறு இருமல்கூட வரவில்லை. தொண்டையின் உணர்வு மங்கியவர்களிடம் இது நிகழக்கூடியது என்பதால், இருமல் இல்லாததைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளவே கூடாது. மோவாயைத் தாழ்த்தி விழுங்கும் உத்தியையும் அங்கேயே சோதித்தார்கள். அவருக்கு அது பயன்பட்டது. எல்லோருக்கும் பயன்படுவதில்லை என்பதால், பிறர் சொல்லக்கேட்டு வீட்டில் முயல்வது சரியன்று.

தலையைத் தாழ்த்துவது அந்த வேளைக்கான காப்பு மட்டுமே. தசைகளுக்கு வலுவூட்டுவது பயிற்சி. மல்லாந்து படுத்து, தோள்களை உயர்த்தாமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரல்களைப் பார்க்கும் பயிற்சியை அவருக்குக் கொடுத்தார்கள். ஒரு நிமிடம் வீதம் மூன்று முறை தலையைத் தூக்கி நிறுத்தி, பிறகு 30 முறை தொடர்ந்து தூக்கி இறக்குவதை நாளுக்கு மூன்று வேளை, ஆறு வாரம் செய்வதே அதன் வழக்கமான முறை. உணவுக்குழாயின் மேல்வாய் நன்கு திறப்பதற்கு உதவும் இப்பயிற்சி மிகவும் களைப்பூட்டக்கூடியது. கழுத்தெலும்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஏற்றதன்று. தந்தையாருக்கு முழு அளவை எட்டவே வெகுநாள் பிடித்தது.

அவருக்குக் குடிக்கக் கொடுத்த, கெட்டியாக்கிய நீரைப் பற்றி எனக்குக் குறை உண்டு. அது மெதுவாக இறங்குவதால் மூச்சுக்குழாய்க்குள் செல்வது குறையலாம். ஆனால் அதன் சுவையும் பிசுபிசுப்பும் பிடிக்காமல் அவர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதனால், உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது தனி வேலையாயிற்று. வாய்ச் சுத்தத்தையோ நான் பயிற்சிக்கு இணையாகவே மதிக்கிறேன். வாயிலுள்ள கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா உண்டாகலாம் என்பதைச் சிகிச்சையாளர் விளக்கிய பிறகு, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பல்லையும் நாக்கையும் துலக்கிவிடுகிறோம். கழுத்தில் தரப்படும் மின்தூண்டலைப் பற்றிய ஆய்வு முடிவுகள் ஒருமித்தவையாக இல்லாததால், அதை மட்டும் நம்பியிருக்க நான் பரிந்துரைக்கமாட்டேன்.

மறுபரிசோதனையை மட்டும் நாங்களே வற்புறுத்திக் கேட்க வேண்டியிருந்தது. அதைச் செய்த பிறகே நீரின் கெட்டித்தன்மையை ஒரு படி குறைத்தார்கள். சாதாரண நீரை அடுத்த பரிசோதனையில் கொடுத்துப் பார்க்கவிருக்கிறார்கள்.