கிளீனர் என்று விற்றது கடிக்கிற மீன். கடித்த காயத்துக்கு விற்றது செம்பு மருந்து

கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஒரே கடையில் எனக்கு இரண்டு முறை தவறான பொருளை விற்றார்கள். முதலில் ஒரு மீன். அந்த மீன் உண்டாக்கிய காயங்களுக்கு மருந்து என்று சொல்லி, அப்புறம் ஒரு பாட்டில். மீனால் ஆன சேதத்தைவிட பாட்டிலால் ஆன சேதம்தான் பெரிது.

என் தொட்டியில் ஒரு மஞ்சள் டாங், ஒரு ஜோடி க்ளௌன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு கிளீனர் இறால், நத்தைகள், சில மென்பவளங்கள் இருந்தன. டாங் அவ்வப்போது பாறையில் உடம்பை உரசியதால் கடையில் கேட்டேன். "ஒரு கிளீனர் ராஸ் விடுங்கள், மற்ற மீன்களின் உடம்பைச் சுத்தம் பண்ணிவிடும், ரொம்ப சாது" என்றார் கடைக்காரர். விரல் நீள மீன். வெளிர்நீல உடம்பு, மூக்கிலிருந்து வால்வரை போகப்போக அகலமாகும் கறுப்புக் கோடு. படங்களில் வரும் கிளீனர் ராஸ் அப்படியே இருந்தது.

சில நாட்களில் க்ளௌன் மீனின் வால்துடுப்பில் அரைவட்டமாக ஒரு துண்டைக் காணோம். அடுத்து டாங்கின் முதுகுத்துடுப்பு கிழிந்தது. ஃபயர்ஃபிஷ் முதுகில் கொடி போல நிற்குமே ஒரு நீளமான முள், அது பாதியாகிவிட்டது. அது பொந்தை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டது.

படம் எடுத்துக் கடைக்காரருக்கு அனுப்பினேன். முதலில் டாங் அடிக்கிறது என்றார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். டாங்கும் காயம்பட்டிருக்கிறதே என்று கேட்டதும் பேச்சு மாறியது. துடுப்பு அழுகல் நோய் என்று சொல்லி ஒரு பாட்டிலைக் கொடுத்தார். பவளத்துக்கும் இறாலுக்கும் ஒன்றும் ஆகாது, தொட்டியிலேயே நேராக ஊற்றலாம் என்றார். பாட்டிலில் உள்ளடக்கம் என்ன என்று ஒரு வரிகூட இல்லை. கேட்டதற்கு, "மூலிகை கலந்தது, எல்லாரும் வாங்குகிறார்கள்" என்பதுதான் பதில்.

ஊற்றிய மறுநாள் கிளீனர் இறால் செத்துக் கிடந்தது. நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பவளங்கள் சுருங்கின. அம்மோனியா பார்த்தேன், பூஜ்யம். உப்படர்த்தி சரியாக இருந்தது. கடைசியில் செம்பு அளக்கும் டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தபோதுதான் நீரில் செம்பு இருப்பது தெரிந்தது. நான் சேர்க்கும் வேறு எதிலும் செம்பு கிடையாது. சந்தேகம் தீர, புதிதாகக் கலக்கிய உப்புநீரில் அந்தப் பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டுச் சோதித்தேன். அதிலும் நிறம் மாறியது.

செம்பு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. கடல்மீன்களுக்கு ஒட்டுண்ணியால் வரும் வெண்புள்ளி நோய்க்கும் வெல்வெட் நோய்க்கும் அது நிஜமாகவே வேலை செய்யும். ஆனால் தனியான சிகிச்சைத் தொட்டியில், தினமும் அளந்து பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இறால், நத்தை, பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு மீன் தாங்குகிற அளவே விஷம். அதோடு, பாறையும் பவள மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நீரில் விடும். அதனால் தண்ணீரை மாற்றினால் மட்டும் தீராது. இவ்வளவுக்கும் கடிபட்ட காயத்தில் கொல்ல வேண்டிய ஒட்டுண்ணி எதுவும் இல்லை. செம்பு மீனின் உடம்புக்கும் ஒரு சுமைதான். காயம்பட்ட மீன் மேல் அந்தச் சுமையையும் ஏற்றியது எதற்காக? இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

படத்தை ஒரு தடவை உன்னிப்பாகப் பார்த்திருந்தாலே அது நோயா காயமா என்று கடைக்காரரால் சொல்லியிருக்க முடியும். துடுப்பு அழுகல் ஓரத்திலிருந்து ஆரம்பித்து மெதுவாக உள்ளே வரும். ஓரம் வெளுத்தோ சிவந்தோ கலங்கலாகவோ இருக்கும். கடி அப்படி வராது. இரவு முழுசாக இருந்த துடுப்பில் காலையில் ஒரு துண்டு இருக்காது, வெட்டு விளிம்பு சுத்தமாக இருக்கும். ஓடுகிற மீனைத்தான் மற்ற மீன் துரத்திக் கடிக்கும் என்பதால் காயங்கள் பெரும்பாலும் வாலிலும் பின்பக்கத்திலும் இருக்கும். டாங் அடித்தால் வேறு மாதிரி. அதன் வாலடியில் கத்தி போன்ற முள் இருக்கிறது. பக்கவாட்டில் வாலை வீசி அடிக்கும்போது எதிரியின் உடம்பில் நீளக் கீறல் விழும், அரைவட்டம் விழாது. கண் வீங்கினாலும் இப்படிப் பார்க்கலாம். ஒரு கண் மட்டும் வீங்கியிருந்தால் பெரும்பாலும் மோதியதோ அடிபட்டதோதான். இரண்டு கண்ணும் வீங்கினால் உடம்புக்குள் ஏதோ கோளாறு என்று யோசிக்க வேண்டும்.

பிறகு தொட்டிக்கு எட்டத்தில் உட்கார்ந்து, அசையாமல் நெடுநேரம் பார்த்தேன். அந்தக் 'கிளீனர்' பின்னுடம்பை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு டாங்கிடம் போனது. டாங் துடுப்புகளை விரித்துக்கொண்டு, சுத்தம் செய்யட்டும் என்று அப்படியே நின்றது. அடுத்த நொடி டாங் துள்ளி விலகியது. கடித்தது யார் என்பதில் சந்தேகமே இல்லை. அப்புறம் அந்த மீன் பாறையில் இருந்த ஒரு சிறு துளைக்குள் வால் முதலில் போக நுழைந்து, தலையை மட்டும் நீட்டிக்கொண்டது. நிஜமான கிளீனர் ராஸ் அப்படிச் செய்யாது. இரவில் பாறை இடுக்கில் சளியாலான உறைக்குள் தூங்குமே தவிர, துளைக்குள் பின்பக்கமாகப் புகுந்து எட்டிப் பார்ப்பது பிளென்னி என்ற வேறொரு மீன் இனத்தின் பழக்கம்.

இதன் பெயர் போலி கிளீனர் பிளென்னி, அறிவியல் பெயர் ஆஸ்பிடோன்டஸ் டேனியேட்டஸ். கிளீனர் ராஸின் நிறம், கோடு, ஆட்டம் மூன்றையும் அப்படியே காட்டும். கடலில் இது குழாய்ப்புழுக்களின் உணர்கொம்புகளையும் மீன் முட்டைகளையும் தின்னும், ஏமாந்து நிற்கிற மீனின் துடுப்பையும் கடிக்கும். அங்கே கடிபட்ட மீன் விலகிப் போய்விடலாம், வளர்ந்த மீன்கள் இதை அடையாளம் கண்டு ஒதுங்கவும் கற்றுக்கொள்ளும். தொட்டியில் விலகிப் போக இடம் ஏது? நீலக்கோட்டு ஃபேங்பிளென்னி என்று இன்னொன்றும் இருக்கிறது. அதன் இளம்பருவமும் கிளீனர் ராஸ் வேஷம் போட்டு மற்ற மீன்களின் செதிலையும் தசையையும் கொத்தும்.

நிஜத்தையும் போலியையும் பிரித்தறிய வாயைப் பாருங்கள், அது போதும். கிளீனர் ராஸுக்கு வாய் மூக்கின் நுனியில், நேர் முன்னால் இருக்கும். போலிக்கு மூக்குத் துருத்திக்கொண்டு, வாய் அதற்குக் கீழே தள்ளி இருக்கும். பையில் போடுவதற்கு முன்னால் பக்கவாட்டில் நின்று பத்து நொடி பார்த்தால் தெரிந்துவிடும். தினமும் மீன் கையாளுகிற கடைக்காரருக்கு அது தெரியாமல் போக வழியில்லை.

வாய் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படத்தைக் காட்டினேன். பெட்டியில் கிளீனர் என்றுதான் எழுதி வந்தது என்றார். உயிருள்ளதைத் திருப்பி எடுப்பதில்லை, உங்கள் தண்ணீர் சரியில்லை என்றும் சொன்னார். செம்புச் சோதனையின் படத்தைக் காட்டியபோது பதிலே இல்லை. வேண்டுமானால் காயம்பட்ட மீனை நல்ல தண்ணீரில் (அதாவது உப்பில்லாத நீரில்) முக்கி எடுங்கள் என்று ஒரு யோசனை மட்டும் கிடைத்தது. அதுவும் தவறு. கடல்மீனின் உடம்புத் திரவத்தில் உப்பு, கடல்நீரில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அந்த வேறுபாட்டைத் தடுத்து நிறுத்துவது தோலும் சளிப்படலமும். திறந்த காயத்தோடு நல்ல தண்ணீரில் போட்டால், தடுப்பு இல்லாத அந்த இடத்தின் வழியாகத் தண்ணீர் உள்ளே பாயும். நல்ல தண்ணீர் முக்கல் சில ஒட்டுண்ணிகளுக்கு உதவும், காயத்துக்கு இல்லை.

காயத்துக்கு உதவியது மருந்தே இல்லை. முதலில் கடிக்கிற மீனை வெளியே எடுத்தேன். அது துளைக்குள் இருந்த நேரம் பார்த்துப் பாறையோடு தூக்கிவிட்டேன். வலையோடு துரத்தியிருந்தால் காயம்பட்ட மீன்கள் இன்னும் மிரண்டிருக்கும். அதிகம் அடிபட்டது ஃபயர்ஃபிஷ். அதை மட்டும் தனித்தொட்டிக்கு மாற்றினேன். மணலும் பாறையும் இல்லாத வெறும் தொட்டி, ஹீட்டர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், தாவிக் குதிக்காமலிருக்க மேலே வலை. நீரின் அடர்த்தி 1.025, வெப்பம் 25 டிகிரி. அம்மோனியாவைத் தினமும் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் மாற்றினேன். மைசிஸ் இறாலைச் சிறு அளவில் பல வேளையாகக் கொடுத்தேன். துடுப்பின் அடிப்பகுதி தப்பியிருந்தால் மேல்பகுதி தானாக வளர்ந்துவிடும். சுத்தமான நீரும் பயமில்லாத இடமும் போதும். காயம் சிவந்து பரவினாலோ, பஞ்சு போலப் படர்ந்தாலோ, மீன் சாப்பிடாமல் மூச்சு வாங்கினாலோ பாக்டீரியா தொற்றியிருக்கலாம். அப்போது மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டு, தனித்தொட்டியில் மட்டும் ஆன்டிபயாட்டிக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கலவரத்தில் டாங்கின் குணமே மாறியிருந்தது. ஃபயர்ஃபிஷைத் திரும்ப விட்டதும் துரத்த ஆரம்பித்தது. ஆகவே ஃபயர்ஃபிஷைத் துளையிட்ட ஒளிபுகும் பெட்டிக்குள் வைத்து, தொட்டிக்குள்ளேயே சில நாள் விட்டேன். டாங் முட்டிப் பார்த்து அலுத்துப்போனது. பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் பாறைகளை இடம் மாற்றி அடுக்கினேன். யார் எந்த மூலைக்குச் சொந்தம் என்ற பழைய கணக்கெல்லாம் அதோடு கலைந்துவிடும். இதற்கும் அடங்காத மீனைச் சில வாரம் பிரித்து வைத்துக் கடைசியாக விட்டால் பெரும்பாலும் வேகம் குறையும். கடைக்காரர்கள் இதையெல்லாம் சொல்ல மாட்டார்கள், இதில் விற்பதற்கு எதுவும் இல்லை.

நிஜமான கிளீனர் ராஸ் கிடைத்தாலும் நான் வாங்க மாட்டேன். கடலில் நாள் முழுக்கப் பல மீன்களிடமிருந்து ஒட்டுண்ணி தின்று வாழ்கிற மீன் அது. தொட்டிகளில் பல பட்டினியால் சாகின்றன. வெண்புள்ளி நோயின் ஒட்டுண்ணி மீன் தோலுக்கு அடியில் புதைந்திருப்பதால், கிளீனர் ராஸால் அந்த நோயைத் தீர்க்கவும் முடியாது. 'டாக்டர் மீன்' என்று சொல்லி விற்பதே பொய்ப் பேச்சு. புது மீனைத் தனியே வைத்துக் கண்காணித்துவிட்டுத் தொட்டியில் விடுவதுதான் ஒழுங்கான வழி.

அந்த பிளென்னியைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுத்தால் இன்னொருவர் தொட்டிக்கு அதே பெயரில் போகும். தனியாக ஒரு சிறு தொட்டியில் மைசிஸ் தின்றுகொண்டு நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய தொட்டியில் செம்பை உறிஞ்சும் ரெசினும் கார்பனும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அளவு இன்னும் பூஜ்யத்துக்கு வரவில்லை. அதுவரை இறாலும் நத்தையும் விட முடியாது.

உள்ளடக்கம் எழுதாத, பவளத்துக்குப் பாதுகாப்பானது என்று சொல்லி விற்ற பாட்டில் யாரிடமாவது இருந்தால், தொட்டியில் ஊற்றுவதற்கு முன் ஒரு வாளியில் புது உப்புநீர் கலக்கி, சொன்ன அளவு மருந்தை விட்டு, செம்பு கிட்டால் சோதித்துப் பாருங்கள். சாதாரணச் செம்பையும் கீலேட் செய்த (வேறொரு வேதிப்பொருளோடு பிணைத்த) செம்பையும் இரண்டையும் காட்டுகிற கிட்தானா என்று கேட்டு வாங்குங்கள். சில கிட்கள் ஒன்றை மட்டுமே காட்டும்.