ஏழு பாட்டன் போதனைகள்: பெரியவரிடம் கேட்பதா, அச்சில் படிப்பதா?

அறிவு, அன்பு, மரியாதை, துணிவு, நேர்மை, பணிவு, உண்மை. வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் அனிஷினாபே பழங்குடி மக்கள் நல்வாழ்வுக்குச் சொல்லும் ஏழு போதனைகள் இவை. அந்தச் சமூகப் பெரியவரிடம் கற்பதா, அச்சில் கற்பதா என்று தயங்குபவர்களுக்காக:

செலவு
அச்சு: புத்தக விலை.
பெரியவர்: முதலில் புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம். அது கட்டணமல்ல, மரியாதை.

வசதி
அச்சு: எந்நாளும் படிக்கலாம்.
பெரியவர்: பல கதைகளைப் பனிக்காலத்தில்தான் சொல்வார்கள். காத்திருக்க வேண்டும்.

மனதில் நிற்பது
அச்சு: சுவரொட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம்: பணிவுக்கு ஓநாய், துணிவுக்குக் கரடி. பிள்ளைகள் சீக்கிரம் ஒப்பித்துவிடுவார்கள்.
பெரியவர்: தன் கூட்டத்துக்காக வாழும் ஓநாய் ஏன் பணிவின் அடையாளம் என்பது கதையோடு வரும். ஏழில் ஒன்றை விட்டாலும் அதன் எதிர்க்குணம் நுழைந்துவிடும் என்பதையும் சொல்வார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அச்சுப் பட்டியல் ஏழு குணங்களையும் தனித்தனியாகக் காட்டிவிடுகிறது. அப்புறம், நேர்மைக்குச் சில ஊர்களில் அண்டங்காக்கை, சில ஊர்களில் சாபே என்னும் பெரிய காட்டு மனிதன். அந்தந்த ஊர் வழக்கு பெரியவருக்குத் தெரியும்.

வகுப்பில் அறிமுகம் செய்யும் ஆசிரியருக்கு அச்சு போதும். பிள்ளை அந்த வழியிலேயே வளர வேண்டும் என்று விரும்பும் அனிஷினாபே பெற்றோர் பெரியவரிடமே போகட்டும். புத்தகம் பிறகு நினைவுக்கு உதவும்.