கிருஷ்ணகிரியில் சாப்பாட்டுக் கோளாறு பரிசோதனை: போகலாமா?

அக்கா மகள், பதினாறு வயது, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு மிக்சர் பாக்கெட்டுகளைக் காலி செய்துவிட்டு அழுவாள். இங்கே ஒரு மனநல கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் அருமை. எடைப் பேச்சையே எடுக்காமல், அக்காவை வெளியே உட்காரவைத்து, பசியில்லாமலே சாப்பிடுகிறாயா, நிறுத்த முடியவில்லையா, அப்புறம் வாந்தி எடுக்கிறாயா என்று நிதானமாகக் கேட்டார். இப்படிக் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவது வாரம் ஒரு தடவையாவது, மூன்று மாதம் தொடர்ந்தால்தான் 'பிஞ்ச் ஈட்டிங்' என்ற கோளாறாகக் கணக்கில் வருமாம் (2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய்க் கையேட்டின் அளவுகோல்). ஒல்லியான பிள்ளைக்கும் வரும். முதலில் கொடுத்த ஸ்காஃப் என்ற பரிசோதனைத் தாளில் ஐந்தே கேள்வி, அது அனோரெக்சியா (எடை கூடுமென்று பயந்து சாப்பாட்டைக் குறைப்பது), புலிமியா (அளவுமீறிச் சாப்பிட்டு வாந்தி எடுப்பது போன்றவை) ஆகியவற்றுக்காக உருவானது, பிஞ்ச் ஈட்டிங்குக்கு அது மட்டும் போதாது. ரிசப்ஷன்தான் மோசம். எல்லார் முன்னாலும் "குண்டாயிட்டான்னு வந்தீங்களா?" என்றார்கள், பிள்ளை கூனிக்குறுகிப் போனாள். டாக்டருக்காகப் போகலாம், சனிக்கிழமை மட்டும் வேண்டாம், செம கூட்டம்.