கறுப்புக்குள் கறுப்பு: ஏலியன் மாடலுக்கு லாக்கரா, அக்ரிலிக்கா, எனாமலா?

1979-இல் வெளியான ‘ஏலியன்’ திரைப்படத்தின் உயிரினத்தை, பாகங்களை ஒட்டி வண்ணம் பூசிச் செய்யும் மாடல் கிட்டாக வாங்கியவர் பெட்டியைத் திறந்ததும் சந்திக்கும் முதல் சிக்கல், அதற்கு நிறம் என்று சொல்லிக்கொள்ள அநேகமாக எதுவுமே இல்லை என்பதுதான். போர் விமானமோ டாங்கியோ என்றால், எந்தப் பகுதிக்கு எந்த வண்ணம் என்பதை வழிகாட்டித் தாள் எண் போட்டுச் சொல்லிவிடும். இங்கே விலா எலும்பும், முதுகுக் குழாய்களும், வாலின் கணுக்களும் ஒன்றுபோலக் கறுப்பு. ஆகவே, எந்தப் பெயின்ட் சிறந்தது என்ற பொதுவான கேள்வி, கறுப்புக்குள் வேறுபாட்டை எந்தப் பெயின்ட் காட்டும் என்ற குறுகிய கேள்வியாக மாறிவிடுகிறது. லாக்கர், அக்ரிலிக், எனாமல் என்ற மூன்று வகைப் பெயின்ட்டுகளைப் பற்றிக் கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் குறுகிய கேள்விக்கு மட்டுமே விடை தேடுகிறது.

பெயின்ட்டுக்கு முன்னால் உடலைப் பார்க்க வேண்டும். இந்த உயிரினத்துக்கு ஸ்டைரீன் பிளாஸ்டிக், மென்மையான வினைல், ரெசின் ஆகிய மூன்று பொருள்களிலும் கிட்கள் வந்துள்ளன. ஸ்டைரீன் எல்லாப் பெயின்ட்டையும் ஏற்றுக்கொள்ளும். பிளாஸ்டிக் பசை அதன் விளிம்புகளைக் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் இணைப்பும் உறுதியாக இருக்கும். ரெசினில் பிளாஸ்டிக் பசை ஒட்டாது. சூப்பர் குளூவும், கனமான உறுப்புகளுக்கு உள்ளே பித்தளைக் கம்பியும் தேவைப்படும். அச்சிலிருந்து எடுப்பதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசையைச் சோப்பு நீரில் கழுவாவிட்டால், பெயின்ட்டுக்கு அடியில் பூசும் பிரைமரே உரிந்து வரும். தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் உப்புத்தாளை நனைத்தே தேய்க்க வேண்டும். வினைலில் சிக்கல் வேறு வகையானது. அந்தப் பொருளை நெகிழ்வாக வைத்திருக்கும் ரசாயனம் மெல்லக் கசிந்து எனாமல் பெயின்ட்டோடு கலந்துவிடுவதால், எனாமல் அதன்மேல் முழுமையாகக் காயவே காயாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வினைல் கிட்டுக்கு எனாமல் பூசி, மூன்று வாரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோது என் கைரேகை அதன் முதுகில் அப்படியே பதிந்தது. வினைல் உடலுக்கு நீரில் கரையும் அக்ரிலிக்கைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த அளவில் போட்டி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது.

ஸ்டைரீனிலும் ரெசினிலும்தான் உண்மையான போட்டி. லாக்கரின் வலிமை அதன் கரைப்பானில் இருக்கிறது. ஜப்பானின் மிஸ்டர் கலர் போன்ற லாக்கர்கள் ஸ்டைரீனின் மேற்பரப்பை மிக நுட்பமாகக் கரைத்துப் பற்றிக்கொள்வதால், நகம் பட்டாலும் எளிதில் உரிவதில்லை. சில நிமிடங்களில் காய்ந்துவிடுகின்றன. படலம் மிக மெல்லியதாக இருப்பதால் விலா எலும்புகளுக்கு இடையிலான நுண்ணிய பள்ளங்கள் தூர்ந்துபோவதில்லை. உடல் முழுவதும் செதுக்கு வேலையாக இருக்கும் இந்த உயிரினத்துக்கு அந்தக் கடைசிக் குணம் பெரிய வரம். ஆனால் லாக்கரின் ஆவி நல்லதல்ல. கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி கொண்ட முகக்கவசமும், காற்றை வெளியே இழுக்கும் விசிறியும் இல்லாத அறையில் அதைத் திறக்கவே கூடாது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, வெண்சாம்பல் பூத்துவிடும். வெள்ளை விமானத்தில் யாரும் கவனிக்காத அந்தப் பூப்பு, கறுப்பு உடலில் பூஞ்சை பிடித்ததுபோலத் தெரியும். உலர்வதைத் தாமதப்படுத்தும் தின்னரைக் கலந்தால் குறையும். மழை நாளில் அதுவும் கைவிடும்.

நீர் அக்ரிலிக்கில் இந்த அபாயங்கள் இல்லை. ஸ்பெயினின் வல்லேஹோ, பிரிட்டனின் சிட்டாடல் ஆகியவை வாசனை குறைந்தவை. தூரிகையைக் குழாய் நீரிலேயே கழுவிவிடலாம். உணவு மேசையிலேயே அமர்ந்து வேலை செய்யலாம். ஆனால் இவை பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பற்றுவதில்லை, மேலே படிந்து பிடித்துக்கொள்கின்றன. ஆகவே பிரைமர் இல்லாமல் பூசினால் விரல் உராயும் கணுக்களில் முதலில் தேயும். தூரிகையில் கெட்டியாக எடுத்துப் பூசினால் பள்ளங்கள் தூர்ந்து, எலும்புக்கூடு போர்வை போர்த்தியதுபோல ஆகிவிடும். நீர்த்து, இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக ஏற்றும் பொறுமை உள்ளவருக்கு மட்டுமே அக்ரிலிக் தன் நுட்பத்தைக் காட்டும். அந்தப் பொறுமை இருந்தால், அடர் பழுப்பு, அடர் நீலம், அடர் பச்சை ஆகியவற்றைக் கறுப்போடு சிறிது சிறிதாகக் கலந்து, குழாய்க்கு ஒன்று, எலும்புக்கு ஒன்று, தசைக்கு ஒன்று என்று பிரித்துக் காட்டுவதில் அதற்கு இணையில்லை.

எனாமலை அடிப்பூச்சாகப் பயன்படுத்த எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் வாஷ் என்று வந்துவிட்டால் கதை மாறுகிறது. நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கின் மேலோ லாக்கரின் மேலோ, வொயிட் ஸ்பிரிட் என்ற கரைப்பானில் நீர்த்த எனாமலையோ கலைஞர்களின் எண்ணெய் வண்ணத்தையோ ஓடவிட்டால், அது பள்ளங்களில் தானாகப் போய்த் தேங்கும். கூடுதலாகப் படிந்ததை மணிக்கணக்கில் கழித்தும் துடைத்து எடுக்கலாம், அடிப்பூச்சு கரையாது. அக்ரிலிக் வாஷ் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. ஓரங்களில் தேநீர்க் கறைபோல வளையம் விட்டுக் காய்ந்துவிடும்.

தூரிகையா, காற்றழுத்தத்தால் வண்ணத்தைத் தூவும் ஏர்பிரஷா என்ற விவாதம் இந்த உயிரினத்தைப் பொறுத்தவரை சற்று வேடிக்கையானது. இதை வடிவமைத்த சுவிட்சர்லாந்து ஓவியர் ஹெச். ஆர். கீகர், தன் பெரிய ஓவியங்களை ஏர்பிரஷால் தீட்டியவர். இந்தப் படத்தின் காட்சி விளைவுகளுக்காக 1980-இல் ஆஸ்கர் பெற்ற குழுவில் அவரும் ஒருவர். அப்படியிருக்க, ஏர்பிரஷ்தானே இயல்பான தேர்வு என்று தோன்றும். ஆனால் அவர் தீட்டியது தட்டையான பரப்பில். ஒளியையும் நிழலையும் அவரே உருவாக்க வேண்டியிருந்தது. மாடலிலோ மேடு பள்ளம் ஏற்கெனவே இருக்கிறது. ஏர்பிரஷின் புகைபோன்ற தூறல் மேட்டையும் பள்ளத்தையும் பாரபட்சமின்றி மூடிவிடுகிறது. அடர் சாம்பலைத் தூரிகையில் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசியைத் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் வருடிச் செல்லும் டிரை பிரஷ் முறை, பத்து நிமிடத்தில் அந்த எலும்புக்கூட்டை இருளிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. துப்பாக்கி உலோக நிறத்தை இதே முறையில் மிகக் குறைவாக ஏற்றலாம். கொஞ்சம் கூடினாலும் உயிரினம் போய் இயந்திரம் வந்து நிற்கும். அடிப்பூச்சுக்கும், மேலிருந்து சாய்வாக வீசும் முதல் ஒளிக்கும் ஏர்பிரஷ் வசதிதான். அதற்காக மட்டும் கம்ப்ரஸர் வாங்குவது வீண் செலவு என்றே நான் சொல்வேன்.

ஒரே ஒரு இடத்தில் என் கருத்து தலைகீழாகிறது: மண்டையின் மேல் மூடும் ஒளிபுகும் கவசம். முதல் படத்தின் உயிரினத்துக்கு அது உண்டு. 1986-இல் வந்த இரண்டாம் படத்தில் அது நீக்கப்பட்டு, வரிவரியான மண்டை வெளியே தெரிந்தது. எந்த வடிவத்தைச் செய்கிறோம் என்பதை இங்கே முடிவு செய்தாக வேண்டும். கவசம் வேண்டும் என்றால், டாமியா நிறுவனத்தின் எக்ஸ்-19 ஸ்மோக் வண்ணத்தை உட்புறத்தில் ஏர்பிரஷால் மெல்லத் தூவுவதே சரி. தூரிகை விடும் கோடுகள் ஒளியில் பட்டவர்த்தனமாகத் தெரியும். கடுமையான லாக்கர் தின்னர் தெளிந்த பிளாஸ்டிக்கில் நுண் விரிசல் விடக்கூடும் என்பதால் இங்கே அதைத் தவிர்ப்பது நல்லது. கவசத்தை ஒட்டும்போது சூப்பர் குளூவும் ஆகாது. அதன் ஆவி உள்ளே வெண்படலமாகப் படிந்துவிடும். சாதாரண வெள்ளைப் பசை போதும்.

உருவத்தை மாற்றியமைப்பதில் மூன்று உடல்களும் வெவ்வேறு வேலை வாங்குகின்றன. வினைலைச் சூடான நீரில் அமிழ்த்தினால் கை கால்கள் மெழுகுபோல வளையும். வளைத்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நிற்கும். ஆனால் வெயில் நாள்களில் சொந்த எடையில் மெல்லச் சாயும் என்பதால் கால்களுக்குள் பிளாஸ்டர் நிரப்ப வேண்டும். ஸ்டைரீனிலும் ரெசினிலும் மூட்டை அறுத்து, கம்பி செருகி, இடைவெளியை எபாக்ஸி புட்டியால் நிரப்பிச் செதுக்க வேண்டும். ஹார்டுவேர் கடைகளில் குழாய்க் கசிவை அடைக்க விற்கும் எபாக்ஸி மலிவுதான். ஆனால் அது சொரசொரப்பாகவும் அவசரமாகவும் இறுகுவதால், தசை நார்களைச் செதுக்க மாடலுக்கென்றே செய்த மென்மையான புட்டிதான் வேண்டும். கூடுதல் குழாய்களுக்குச் சால்டரிங் ஈயக் கம்பியை விட எளிதில் வளைவது வேறில்லை.

கடைசியாக வார்னிஷ், என் கணிப்பில் கறுப்பைப் பிரித்துக் காட்டுவதில் நிறத்தை விட இதற்கே பங்கு அதிகம். முழு உடலுக்கும் பளபளப்பு வார்னிஷ் அடித்தால் ஈரமாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். இந்தச் சிறிய அளவில் அது பொம்மையின் பிளாஸ்டிக் மினுக்காகவே தெரிகிறது. உடலுக்கு அரைப் பளபளப்பு, குழாய்களுக்கு மங்கல், தாடை, பல், கவசம் ஆகியவற்றுக்கு மட்டும் முழுப் பளபளப்பு என்று பிரித்தால், ஒரே கறுப்பு மூன்றாகப் பிரிந்து நிற்கும். படப்பிடிப்பில் எச்சிலுக்கு கே-ஒய் ஜெல்லியைப் பயன்படுத்தினார்கள். மாடலில் இரு பாகத் தெளிந்த எபாக்ஸிப் பசையும் புற ஊதா ஒளியில் இறுகும் ரெசினும் போட்டியிடுகின்றன. ரெசின் தெளிவானது, ஆனால் துளியாகவே நின்றுவிடும். எபாக்ஸி இறுகத் தொடங்கும் நேரத்தில் பல்குச்சியால் தொட்டு இழுத்தால் நூல்நூலாக நீளும். காலப்போக்கில் மஞ்சளிக்கும், எச்சிலுக்கு அது குறையே அல்ல. உருவத்தைப் பீடத்தில் நிரந்தரமாக ஒட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டும்; முன்பே செய்தால் தலை சாயும் கோணம் மாறி, எச்சில் நூல் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.